'சும்மா கத்துக்கிட்டேன்' என்கிற பிள்ளைக்கு எது சான்று?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு 19 வயது. இங்கே சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் கடைசி ஆண்டு. ஒன்பது வயதில் மாமாவோடு கோயிலுக்குப் போனவன் அங்கிருந்த உறுமி மேளக் குழுவோடு (குச்சியால் தேய்த்து உறுமவைக்கும் தோல் வாத்தியம்) ஒட்டிக்கொண்டான். இன்று அதே குழுவில் முன்வரிசையில் நிற்கிறான். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவனோடு சேர்ந்து வாசிக்க இரண்டு நண்பர்கள்: கொம்பாங் என்ற மலாய்க் கைமேளம் தட்டும் ஒரு மலாய்ப் பையன், சிங்க நடனக் குழுவில் முரசு அடிக்கும் ஒரு சீனப் பையன். மூன்று பேருக்கும் கலையில் மேலே படிக்க ஆசை. விண்ணப்பத்தில் 'இசைத் தகுதிகள்' என்ற கட்டம் வந்ததும் மூன்று பேரும் அதைக் காலியாக விட்டுவிட்டார்கள். "இந்த மாதிரி கத்துக்கிட்டதுக்கு எங்கேயாவது சர்டிபிகேட் வாங்க முடியுமா, எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது சான்றிதழைப் பற்றி என்றாலும், உங்கள் மனத்தில் ஓடுவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து வருடம் அவன் கற்றது படிப்பில் சேர்த்தியா இல்லையா? சேர்த்தி என்றால் அதை யார் சொல்ல வேண்டும்? இதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

என்னைப் பற்றி நாலு வரி. மிருதங்கம் குருவிடம் உட்கார்ந்து கற்றது. 20 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே பள்ளிகளின் இணைப்பாட நடவடிக்கைகளிலும் சமூக மன்றங்களிலும் தாளம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இடையில் பயிற்றுநர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்குமான 'ஆக்டா' என்ற சான்றிதழ்ப் படிப்பைப் படித்தேன். ஒருவருக்கு ஒரு திறன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எதை ஆதாரமாக ஏற்பது என்பதை முறையாகக் கற்றது அங்கேதான். மாணவர் தேர்வுகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். உறுமி என் வாத்தியம் இல்லை. கொம்பாங்கும் சிங்க முரசும் கேட்டுப் பழக்கம், அவ்வளவுதான். இந்த எல்லை எனக்கு எப்படி உறைத்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. பியானோவுக்கும் வயலினுக்கும் இருப்பதைப் போல, எல்லாக் கல்லூரியும் ஏற்றுக்கொள்ளும் படிநிலைத் தேர்வு என்று உறுமிக்கு ஒன்றும் இல்லை. லண்டனில் 1889-இல் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு வாரியம், நூறு வருடத்துக்கும் மேலாகத் தேர்வு நடத்தி நடத்தியே 'கிரேடு 8' என்றால் என்ன என்று உலகம் முழுக்கப் புரியவைத்துவிட்டது. நம் பக்கத்திலும் கர்நாடக இசைக்கும் பரதநாட்டியத்துக்கும் பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, அரங்கேற்றம் உண்டு. 1949-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்திலோ, 1952-இல் தொடங்கிய பாஸ்கர்ஸ் ஆர்ட்ஸ் அகாடமியிலோ படித்த பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒரு நிறுவனத்தின் பெயராவது இருக்கும். உறுமிக்கும் கொம்பாங்குக்கும் சிங்க முரசுக்கும் அப்படி இல்லை. அவை கற்ற இடமும் வாசிக்கும் இடமும் ஒன்றே: கோயில் வாசல், கல்யாண வீடு, சீனப் புத்தாண்டுக்குக் கடை கடையாக ஏறி இறங்கும் லாரி. ஆகவே, பணம் கட்டினால் உறுமிக்கு டிப்ளோமா தருகிறேன் என்று யாராவது வந்தால் கட்டாதீர்கள். கேட்பவர் மதிக்காத காகிதத்துக்குச் செலவழிக்கும் காசில் ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்கலாம். அது ஏன் என்பதும் பிறகு வரும்.

படிக்காமல் கேட்டே வந்த அறிவுக்கு நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது: கேள்வி ஞானம். பெரிய வித்துவான்களைப் பற்றிப் பேசும்போது 'அவருக்குக் கேள்வி ஞானம் ஜாஸ்தி' என்று வியந்து சொல்கிறோம். அதையே ஒரு பையன் விஷயத்தில் 'வெறும் கேள்வி ஞானம்தான்' என்று கீழே இறக்கிவிடுகிறோம். அந்த 'வெறும்' பையன்களின் காதில் விழுந்து, அவர்கள் வாயில் 'சும்மா' என்று மாறிவிடுகிறது. என் அனுபவத்தில் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய தடை சான்றிதழ் இல்லாதது அன்று. தனக்கு என்ன தெரியும் என்று சொல்ல அவர்களிடம் வார்த்தை இல்லை. பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பாடத்திட்டமே அந்த வார்த்தைகளைக் கொடுத்துவிடுகிறது. கூட்டத்தோடு நின்று கற்றவனுக்கு அதை யாரும் கொடுப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சமூக மன்றத்தில் இளையர் தாளக் குழுவுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பையன் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். "எங்கேயும் இல்ல. சும்மா, அண்ணன்மாரோட நின்னு." "என்னென்ன வாசிப்பே?" "சும்மா அடிப்பேன்." சரி, வாசி என்றோம். கூட வந்த ஐந்து பேர் தவிலும் பம்பையும் தப்பும் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன்: அவன் தன் கையைப் பார்க்கவே இல்லை. எதிரே நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்த மன்ற ஊழியர் ஒருவர் வேலையை விட்டுவிட்டுத் தன்னையறியாமல் ஆடத் தொடங்கியிருந்தார். பையனின் கண் அவர் கால்மேல் இருந்தது. அவர் கால் கொஞ்சம் தளர்ந்ததும் இவன் வலது தோள் ஓர் அங்குலம் இறங்கியது. பின்னால் நின்ற ஐந்து பேரும் அடுத்த அடியிலேயே வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு வார்த்தை இல்லை, ஒரு திரும்பிப் பார்த்தல் இல்லை.

முடிந்ததும், "தோளை ஏன் இறக்கினே?" என்று கேட்டேன். "இறக்கினேனா?" என்றான். பிறகு யோசித்துச் சொன்னான்: "காவடி எடுக்கிறவங்களுக்குக் கால் தளர்ந்தா நாம அதே வேகத்துல அடிக்கக் கூடாது. விழுந்துடுவாங்க. அடியைக் கீழே இறக்கிப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பசங்களுக்குக் கத்திச் சொல்ல முடியாது, சத்தத்துல கேக்காது. அதான் தோள்."

நான் அதுவரை எழுதியிருந்த குறிப்புகளை அடித்துவிட்டு இந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டேன். ஆடுபவரின் உடம்பைப் படிக்கிறான். அதற்கேற்ப வேகத்தை ஆள்கிறான். பேசாமல் ஐந்து பேரை நடத்துகிறான். பாரத்தோடு ஆடும் ஒரு மனிதரின் பாதுகாப்பு தன் கையில் இருக்கிறது என்று தெரிந்து வாசிக்கிறான். ஓர் இசைக் கல்லூரியில் இதில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம் வைக்கலாம். திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக) ஓடிக்கொண்டிருந்த அடியை இரண்டு இடத்தில் சதுஸ்ரத்துக்கு (நான்கு நான்காக) மாற்றித் திரும்பவும் பிடித்தான். அதற்கு அவன் வைத்திருந்த பெயர் 'மாத்தி அடிக்கிறது'. சாமிக்குச் சாமி அடி மாறும் என்பதும், எந்த அடியை எப்போது எடுக்கக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவையும் மூடி மறைத்துக்கொண்டிருந்தது அந்த ஒற்றை 'சும்மா'.

அன்றைக்கு நான் கற்ற இன்னொரு பாடமும் உண்டு. அந்தப் பையனின் குழுத் தலைவர், எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிற பெரியவர், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தாளில் நான் 'மிக நன்று' என்று எழுதியதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "தம்பி கணக்கெல்லாம் சரியாத்தான் வச்சிருக்கான். ஆனா உறுமல் அறுந்து அறுந்து வருது. தேய்க்கிற கை இன்னும் ரெண்டு வருஷம் பழகணும்." உறுமியின் உயிரே ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல்தான். மிருதங்கத்தில் பழகிய என் காது கணக்கைத் தேடிக்கொண்டிருந்தது. உறுமலை அது கேட்கவே இல்லை. நான் பாராட்டியதும் குறையாகத்தான் இருந்தது, அவனுக்குத் தேவையான திருத்தமும் என்னிடம் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் என் நிலை உறுதியானது: ஒரு கலையை மதிப்பிடும் குழுவில் அந்தக் கலைக்குள்ளேயே வளர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும். கொம்பாங்குக்கு ஒரு கொம்பாங் ஆசான், சிங்க முரசுக்கு அந்தக் குழுவின் 'சீஃபு', அதாவது ஆசான். இல்லாவிட்டால் தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றின் குறையுள்ள வடிவமாகவே பார்ப்போம்.

அப்படிப் பார்க்கப்பட்டதையும் கண்டிருக்கிறேன். ஒரு கல்வி நிலையத்தின் தேர்வில் நானும் ஒரு நடுவர். கொம்பாங் வாசிக்கிற பையன் ஒருவன், தனியாக வந்திருந்தான். கொம்பாங்கைத் தனியாக வாசித்தால் பாதிப் பல் கொட்டிய சீப்பு மாதிரி இருக்கும்; ஒருவர் விடும் இடைவெளியில் அடுத்தவர் அடி விழுந்து, பத்துப் பேர் சேர்ந்தால்தான் அந்தத் தாளம் முழுசாகும். அதைச் சொல்லத் தெரியாமல் அவன் தன் பகுதியை மட்டும் வாசித்தான். அடுத்து ஐந்து கோட்டு ஸ்வரக் குறியீட்டுத் தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார்கள். அவன் தாளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், 'ஸாரி' என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். நான் வாயைத் திறந்து, 'இது கூட்டு வாத்தியம், நாமே எதிரில் கை தட்டிக் கொடுத்துப் பார்ப்போம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு இப்போது முப்பது வயது நெருங்கியிருக்கும். அவன் கொம்பாங்கை விட்டுவிடாமல் இருக்க வேண்டும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் சிங்கப்பூருக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். முறைசாராமல் கற்றதை எப்படி அங்கீகரிப்பது என்று 2012-இல் யுனெஸ்கோ வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் தன் உறுப்பு நாடுகளுக்கு ஒரு பரிந்துரை தந்தது. அதில் நான்கு படிகள் சொல்லப்படுகின்றன: அடையாளம் காணுதல், ஆவணப்படுத்துதல், மதிப்பிடுதல், சான்றளித்தல். இந்த வரிசையைக் கவனியுங்கள், சான்று கடைசியில்தான் வருகிறது. நாம் எல்லாரும் நான்காம் படியில் போய் நின்றுகொண்டு, ஏறும் வழி எங்கே என்று கேட்கிறோம். பிரான்ஸில் 2002-இல் வந்த சட்டப்படி, வேலையிலும் வாழ்க்கையிலும் பெற்ற அனுபவத்தை ஒரு குழுவின் முன் எழுதிக் காட்டி, பேசிக் காட்டி, முழுப் பட்டயமே பெறலாம். பிரிட்டனில் டிரினிட்டி கல்லூரி 2005-இல் தொடங்கிய 'ஆர்ட்ஸ் அவார்ட்' 25 வயது வரை உள்ளவர்களுக்கானது. எந்தக் கலை என்ற கட்டுப்பாடு இல்லை. அதன் வெண்கல நிலையிலேயே, தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்து அதைப் பதிவு செய்வது ஓர் அங்கம். எனக்கு அது மிகவும் பிடித்த பகுதி. உங்கள் தம்பி எட்டு வயதுப் பொடியனுக்கு முதல் அடி சொல்லிக் கொடுத்திருப்பான், நிச்சயமாக. அது கணக்கில் வர வேண்டிய திறன்.

சரி, இங்கே என்ன வழி? தம்பி கடைசி ஆண்டு என்கிறீர்கள், ஆகவே பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் (பாலிடெக்னிக்) முன்கூட்டிய மாணவர் சேர்க்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2016-இல் தொடங்கிய திட்டம். இறுதி மதிப்பெண் வருவதற்கு முன்பே, ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் தருவார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகக் கடைசி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தரும் இடம் நிபந்தனைக்கு உட்பட்டது, குறைந்தபட்சத் தேர்ச்சி பிறகு வந்தே ஆக வேண்டும். இதை அவன் மனத்தில் நன்றாகப் பதியவையுங்கள். வாத்தியத்தை நம்பிப் பரீட்சையைக் கோட்டைவிட்ட பிள்ளைகள் உண்டு. அடுத்தது கலைக் கல்லூரிகள். 1938-இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகம், 1984-இல் தொடங்கிய லாசால் கலைக் கல்லூரி, இரண்டும் சேர்ந்து 2024 முதல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் என்ற குடையின் கீழ் இயங்குகின்றன. நிகழ்கலைத் துறைகளில் நேர்முகத் திறன் தேர்வு உண்டு, அதாவது வாசித்துக் காட்டும் வாய்ப்பு உண்டு. எந்தப் பட்டயப் படிப்புக்கு எழுத்து முறை இசைக் கோட்பாடு கேட்கிறார்கள், எதற்குக் கேட்பதில்லை என்பது துறைக்குத் துறை மாறும். திறந்த நாளன்று நேரில் போய், "என் வாத்தியத்துக்குக் குறியீடு கிடையாது, நான் எப்படித் தேர்வு கொடுக்கலாம்?" என்று அவனே கேட்கட்டும். அப்படி முன்கூட்டிக் கேட்ட மாணவருக்கு வாசல் கொஞ்சம் அகலமாகத் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பயிற்சிக் கட்டணத்துக்குத் தரும் அந்த 500 வெள்ளிக் கணக்கு 25 வயதில்தான் திறக்கும், ஆக இப்போதைக்குத் தம்பிக்கு இல்லை. ஊழியர் திறன் தகுதி முறையில், வகுப்புக்குப் போகாமல் மதிப்பீட்டை மட்டும் எடுக்கும் வழி உண்டு. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்காகவே வைத்தது. ஆனால் அது வேலைத் திறன்களை அலகு அலகாகப் பிரித்த முறை. உறுமி வாசிப்பு அதற்குள் அப்படியே பொருந்தாது. பின்னாளில் அவன் பயிற்றுநராக வர நினைத்தால், சொல்லிக் கொடுக்கும் திறனுக்கான தகுதியை அந்தப் பக்கமிருந்து சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிகளில் கற்பிக்கக் கல்வி அமைச்சின் பதிவு தேவை என்பதால் அது வீண் போகாது. இடையில் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) வரும். ஆயுதப் படையின் இசை நாடகக் குழு 1973 முதல் இருக்கிறது, சேவையாளர்கள் அதற்குத் தேர்வு கொடுக்கலாம். ஒரு தாள வாத்தியக்காரனை அவர்கள் எடுப்பது அந்த வருடத் தேவையைப் பொறுத்தது, ஆகவே அதை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம், முயன்று பார்க்கட்டும்.

இந்த வழிகள் எதிலும் உத்தரவாதம் இல்லை. தேர்வறையில் அன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே பாதி முடிவு. அதை நம்மால் மாற்ற முடியாது. அவர்கள் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை மாற்றலாம். என் மாணவர்களுக்கு நான் செய்யச் சொல்வதைச் சொல்கிறேன். ஒரு கோப்பு தயாரியுங்கள். அதில் முதலில் ஒரு பட்டியல்: எந்த வருடம், எந்த நிகழ்ச்சி, எத்தனை பேர் குழு, அதில் அவன் வேலை என்ன. பத்து வருடத்தை நினைவுபடுத்தி எழுத ஒரு சனிக்கிழமை முழுக்க ஆகும். அம்மாவின் கைப்பேசியில் இருக்கும் பழைய படங்களின் தேதிகள் உதவும். அடுத்து, யாரிடம் கற்றான் என்று அரைப் பக்கம். மாஸ்டர் யார், அவர் யாரிடம் கற்றார், தோட்டத் தொழிலாளர்களிடமிருந்து வந்த வாசிப்பா, மலேசியக் குழுக்களிடம் கேட்டதா என்பது வரை எழுதலாம். குருவின் பெயரைச் சொல்லிக்கொள்ள நமக்குக் கூச்சம் இருந்ததில்லை. மாஸ்டர் பெயரையும் அதே பெருமையோடு எழுதட்டும். அப்புறம் இரண்டு கடிதங்கள். 'ஒழுக்கமான பையன், கோயிலுக்கு நன்றாக உதவுவான்' என்ற கடிதத்தால் பயன் இல்லை. 'மூன்று வருடமாக எங்கள் திருவிழாவில் எட்டுப் பேர் குழுவை இவனே நடத்துகிறான், புதிதாக வருபவர்களுக்கு அடி சொல்லிக் கொடுப்பதும் இவன்தான்' என்று கண்ணால் கண்டதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

காணொளியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வெட்டி ஒட்டி, மேலே பாட்டுப் போட்டு, மெதுவோட்டக் காட்சி எல்லாம் வைத்து அனுப்புகிறார்கள். அதில் வாசிப்பவர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. வெட்டே இல்லாத மூன்று நிமிடம் போதும். இரண்டு கையும் தெரிய வேண்டும், பார்வை எங்கே போகிறது என்றும் தெரிய வேண்டும். உறுமியின் கீழ்ச் சத்தத்தைக் கைப்பேசி விழுங்கிவிடும். ஒலிவாங்கிக்குச் செலவழிக்கச் சொன்னது இதற்காகத்தான். இன்னொரு காணொளியில் குழு முழுக்க இருக்கட்டும். மூன்றாவது, அவன் யாருக்காவது சொல்லிக் கொடுப்பது; வாயால் அடியைச் சொல்லிக் காட்டி, கையைப் பிடித்துத் திருத்துவதைப் பார்த்தால், அவனுக்கு என்ன தெரியும் என்பது வாசிப்பில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: கோயிலில் அருள் வந்து ஆடுபவர்களின் முகம் தெரியும் காட்சியை அனுப்ப வேண்டாம். அது அவர்களின் வழிபாடு. நம் விண்ணப்பத்துக்கு ஆதாரமாக அதைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. தைப்பூசப் பாதையில் வாத்தியங்களுக்கு 1973 முதல் தடை இருந்து, 2016-இல்தான் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அவ்வளவு காலம் காத்துப் பெற்ற இடத்தில் நாமே கவனமாக இருக்க வேண்டும்.

பெயர் வைப்பது எவ்வளவு தூரம் உதவும் என்று யோசித்தால் எனக்கு டிக்கிர் பாராட் நினைவுக்கு வரும். கிளந்தான் கிராமங்களிலிருந்து வந்த பாட்டு முறை. இங்கே பல பள்ளிகளில் அது இன்று இணைப்பாட நடவடிக்கை. ஒரு காரணம், அதில் ஒவ்வொரு வேலைக்கும் பெயர் இருக்கிறது: மெட்டை முன்னெடுத்துப் பாடுகிறவர் தொக் ஜுவாரா, அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுகிறவர் துக்காங் காருட், கை அசைத்துக் கூட்டாகப் பதில் பாடுகிறவர்கள் அவோக்-அவோக். நீ யார் என்று கேட்டால் பையன் ஒரே சொல்லில் பதில் சொல்வான். கேட்கிற ஆசிரியரும் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும். உறுமிக் குழுக்களிலும் இப்படிப் பெயர்கள் உண்டு, குழுவுக்குக் குழு மாறும். அவற்றை மாற்ற வேண்டாம். தம்பியின் குழுவில் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். கர்நாடக இசைச் சொல்லால் மொழிபெயர்த்தால்தான் மதிப்பு என்று நினைக்க வேண்டாம். திஸ்ரம், சதுஸ்ரம் என்ற சொற்கள் எனக்கு வசதி, அவனுக்குக் கட்டாயம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உறுமிக்கும் தப்புக்கும் முதல் மறுப்பு நம் வீட்டிலிருந்தே வருகிறது. 'அது சாவு மேளம்', 'உறுமிப் பசங்களோட சேராதே' என்று சொல்கிற அதே நாம், சபா மேடையில் மிருதங்கம் வாசிக்கும் பிள்ளையைப் படம் பிடித்து அனுப்புகிறோம். இரண்டிலும் பேசுவது தோல்தான். யார் கையில் இருந்தது என்பதற்காகவே ஒன்றைக் கீழே வைத்தோம். மிருதங்கக்காரர்களான நாங்களும் இதில் பங்காளிகள். சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழு நிகழ்ச்சிகளில் உறுமிக் குழுவை விருந்தினரை வரவேற்க வாசலோடு நிறுத்திவிட்டு, மேடையை வேறு வாத்தியத்துக்குக் கொடுப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். மேடையில் பத்து நிமிடம், அறிவிப்பாளர் வாயால் அவன் பெயர், நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி. கோப்பில் வைக்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, செலவும் இல்லை. உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக அந்த மூன்று நண்பர்கள். மூவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்ந்து வாசிக்கும் ஒரு காணொளி வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவரும் தன் வாத்தியத்தில் தன் மரபுப்படி வாசிப்பதையும் தனியாக வைக்க வேண்டும். 'பல்லினக் கூட்டு' என்றதும் இங்கே கைதட்டல் சுலபமாகக் கிடைக்கும். அந்தக் கைதட்டலில் மூன்று பேரின் தனித்தனி ஆழமும் காணாமல் போகக்கூடும். உண்மையில் அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது எது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பளிச்சென்று பட்டது. உறுமி காவடி எடுப்பவரின் காலைப் பார்த்து வாசிக்கிறது. சிங்க முரசு சிங்கத்தின் தலை அசைவைப் பார்த்து வாசிக்கிறது. கொம்பாங் மணமக்களின் நடையோடு போகிறது. மூன்றுமே நகரும் ஒரு மனிதரை நடத்திச் செல்லும் தாளங்கள். உட்கார்ந்து வாசிக்கும் என் போன்றவர்களுக்கு இந்தத் திறன் கிடையாது. ஒரு நடனத் துறையோ நாடகத் துறையோ இதைக் கேட்டால் காது கொடுக்கும் என்று நம்புகிறேன். இசைத் துறையோடு மட்டும் நிற்காமல் அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காலிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன். வரும் வாரம் அவன் வாசிப்பதை வீட்டிலேயே ஒரு தடவை எடுங்கள். எடுத்ததை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். அவன் வேகத்தைக் குறைத்த இடத்திலோ, அடியை மாற்றிய இடத்திலோ நிறுத்தி, "இங்கே ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேளுங்கள். முதலில் 'சும்மா' என்றுதான் சொல்வான். விடாமல் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டாவதாக அவன் சொல்வதை, அவன் வார்த்தையிலேயே, ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.